பண்ணை மீனும் கடலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் வளர்ப்பு என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடும். கடலைக் காப்பாற்றப் பண்ணையை விட்டால் வழியில்லை என்பது ஒன்று. பண்ணை மீனா, கிட்டவே வராதே என்பது இன்னொன்று. அந்த மீன் என்ன தின்று வளர்ந்தது, அதன் கழிவு எங்கே போனது என்று இரண்டு பேருமே விசாரிப்பதில்லை. கீழே உள்ள கேள்விகளில் பாதி சுற்றிச் சுற்றி அந்த இரண்டிடமே வந்து நிற்கும்.

மீன் வளர்ப்பு பெருகினால் கடலில் பிடிப்பது தானாகக் குறைந்துவிடும்தானே?

அப்படித்தான் பலரும் எதிர்பார்த்தார்கள். நடக்கவில்லை. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு தரும் கணக்குப்படி 2022-ல் உலகம் முழுக்க வளர்த்தெடுத்த மீன், இறால், சிப்பி வகையறா 9.44 கோடி டன். கடல், ஆறு, ஏரி எல்லாவற்றிலும் சேர்த்துப் பிடித்தது சுமார் 9.1 கோடி டன். வளர்த்தது பிடித்ததை மிஞ்சியது அந்த ஆண்டில்தான் முதல் தடவை. ஆனால் பிடிக்கும் அளவு 1980களின் கடைசியிலிருந்தே ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது. பண்ணைகள் இத்தனை பெருகியும் அது இறங்கவில்லை. கடல் மீன் எழுந்து இடம் விட, பண்ணை மீன் அங்கே உட்காரும் என்று நினைத்தோம். அது பக்கத்தில் இன்னொரு இலை போட்டு உட்கார்ந்துகொண்டது.

இதற்கிடையில், தாங்கும் அளவுக்கு மேல் பிடிக்கப்படும் கடல் மீன் இருப்புகள் 1974-ல் பத்தில் ஒரு பங்காக இருந்தவை 2021-ல் 37.7 சதவீதமாகிவிட்டன. ஆகவே பண்ணை வந்தாலே கடல் பிழைத்துவிடும் என்பது தானாக நடக்கிற காரியமில்லை. பிடிப்புக்குத் தனியாகக் கடிவாளம் வேண்டும்.

ஒரு பண்ணை 'நீடித்த' முறையில் நடக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

நாலு விஷயம்: குஞ்சு எங்கிருந்து வந்தது, தீவனம் எதில் செய்தது, தண்ணீர் எங்கே போகிறது, பண்ணை வருவதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது. இந்த நாலில் ஒன்றுக்குப் பதில் மழுப்பலாக வந்தாலும் மற்ற மூன்றை வைத்து விளம்பரம் செய்வதில் பொருளில்லை.

மீனுக்கு மீனையே தீனியாகப் போடுகிறார்களாமே, உண்மையா?

உண்மை. நெத்திலி, மத்தி, சூடை போன்ற சின்ன மீன்களைக் கப்பல் கப்பலாகப் பிடித்து, வேகவைத்து, பிழிந்து, உலர்த்தி அரைத்தால் மீன்தூள். பிழியும்போது பிரிவது மீன் எண்ணெய். 100 கிலோ பச்சை மீனில் தூள் 22 கிலோ போலத் தேறும், எண்ணெய் 5 கிலோ தேறினால் அதிகம். மற்றதெல்லாம் தண்ணீர். 2022-ல் இப்படி ஆலைக்குப் போன மீன் மட்டும் ஏறக்குறைய 1.7 கோடி டன்.

பெரு நாட்டுக் கடலோரத்து நெத்திலிதான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு. 1970-ல் ஒரு கோடி டன்னுக்கு மேல் அள்ளினார்கள். 1972-73-ல் எல் நினோ வந்து கடல் சூடேறியதும், அதற்கு முன்பே அளவின்றி அள்ளியிருந்ததும் சேர்ந்து, 1973-ல் பிடிப்பு சுமார் 20 லட்சம் டன்னாக விழுந்தது. அந்தச் சின்ன மீனை நம்பித்தான் கடற்பறவைகளும் கடல்நாய்களும் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் மொரிட்டேனியா, செனகல், காம்பியா கரைகளில் இன்று இருக்கிற சண்டையும் இதே ஜாதிதான்: அங்கே மக்கள் நேரடியாகச் சாப்பிட்டுவந்த மத்தி இனம் ஆலைக்குப் போய்த் தூளாகி, வேறு கண்டத்துப் பண்ணைக்கு ஏற்றுமதியாகிறது. ஏழையின் தட்டிலிருந்த மீனை எடுத்து இன்னொரு மீனுக்கு ஊட்டுவதை 'உணவு உற்பத்தி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நிலைமை மாறாமலும் இல்லை. நார்வேயின் சால்மன் தீவனத்தில் 1990-ல் 90 சதவீதம் மீன்தூளும் மீன் எண்ணெயுமாக இருந்தது. 2010களின் நடுவில் அது 30 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. மீன் வெட்டும் ஆலைகளில் மிஞ்சும் தலை, எலும்பு, குடல் இவற்றிலிருந்தும் இப்போது தூள் எடுக்கிறார்கள். உலகின் மீன்தூளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், மீன் எண்ணெயில் சுமார் பாதியும் அப்படிக் கிடைப்பவைதான். இது நல்ல மாற்றம்.

அப்படியானால் சோயாவைப் போட்டு வளர்த்தால் பிரச்சினை தீர்ந்ததா?

கடலிலிருந்து காட்டுக்கு மாறியது என்று சொல்லலாம். காட்டை அழித்து விளைவித்த சோயா தீவனத்துக்கு வந்தால் சுமை இடம் மாறியதே தவிர இறங்கவில்லை. மீனின் குடலுக்கும் ஒரு எல்லை உண்டு: புலால் தின்னும் மீனுக்குச் சோயாவை அளவுக்கு மீறிக் கொடுத்தால் குடலில் அழற்சி வரும்.

இன்னொரு சிக்கல் ஒமேகா-3. மீனில் இருக்கும் அந்த நல்ல கொழுப்பை மீன் பெரும்பாலும் தானாகச் செய்வதில்லை. கடலின் நுண்பாசி செய்கிறது, அதைத் தின்ற சின்ன உயிர்களிடமிருந்து மீனுக்கு வருகிறது. சோயா எண்ணெயிலேயே வளர்ந்த மீனில் அது குறைந்துபோகும். அதனால்தான் நுண்பாசியையே தொட்டியில் வளர்த்து எண்ணெய் எடுக்கும் முறை வந்திருக்கிறது. நடுவில் இருக்கும் மீனைத் தாண்டி, மூலத்துக்கே போகிற வழி. கருஞ்சிப்பாய் ஈ என்னும் பூச்சியின் புழுவை உணவுக் கழிவில் வளர்த்து அரைத்த தூளும் சந்தைக்கு வந்துவிட்டது. இரண்டுமே இன்னும் விலை கூடுதல்.

எஃப்.சி.ஆர். என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

தீவன மாற்று விகிதம். ஒரு கிலோ மீன் கூடுவதற்கு எத்தனை கிலோ தீவனம் ஆயிற்று என்ற கணக்கு. சால்மனுக்கு 1.2 அல்லது 1.3 போல வரும். இறாலுக்கும் கெண்டைக்கும் 1.5-லிருந்து 2 வரை. மாட்டிறைச்சிக்கு இது ஆறைத் தாண்டும். மீன் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, நாலு காலில் நிற்க வேண்டியதும் இல்லை, தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. தின்றது சதையாகிறது.

இந்த எண்ணை வைத்து விளம்பரம் செய்பவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுவார்கள். தீவனம் உலர்ந்தது, மீன் ஈரமானது. எடை ஒன்றுக்கொன்று சமமாகத் தெரிவதில் பாதி, மீனுக்குள் இருக்கும் தண்ணீர். விகிதம் நன்றாக இருப்பதாலேயே தீவனம் நல்லது என்றும் ஆகாது. 1.2 கிலோ தீவனம்தான், ஆனால் அது எதை அரைத்தது?

கடலுக்குக் குறைந்த தொல்லை தருவது எந்த வளர்ப்பு?

தீவனமே கேட்காதவை. சிப்பி, மட்டி, ஆளி (ஆய்ஸ்டர்), கடற்பாசி.

ஆளியும் மட்டியும் தண்ணீரை உறிஞ்சி, அதிலிருக்கும் நுண்பாசியை வடித்துத் தின்று, தெளிந்த நீரை வெளியே விடும். வளர்ந்த ஒரு ஆளி, சூழல் தோதாக இருந்தால், ஒரு நாளில் 190 லிட்டர் வரை வடிகட்டும். கயிற்றில் தொங்கவிட்ட ஆளிகளும் மட்டிகளும் பண்ணை மட்டுமில்லை, தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமும்தான். கடற்பாசி தண்ணீரில் கரைந்த நைட்ரஜனையும் பாஸ்பரசையும் இழுத்துக்கொள்கிறது. அறுவடை செய்யும்போது அந்தச் சத்து கடலைவிட்டு வெளியேறுகிறது. ஆனாலும் எந்தப் பாசியை எங்கே போடுகிறோம் என்று பார்க்க வேண்டும். கப்பாஃபைகஸ் என்ற இனம் ஹவாய்த் தீவுகளின் ஒரு விரிகுடாவில் வளர்ப்பிலிருந்து தப்பிப் பவளப்பாறைமேல் போர்வையாகப் படர்ந்துவிட்டது.

அதற்கு அடுத்தபடி கெண்டை வகைகள். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் தரையில், புல் கெண்டை கரையோரப் புல்லை. ஒரே குளத்தில் நாலு தளத்தில் நாலு பேர் குடியிருப்பதுபோல. ஒருவர் சோற்றில் இன்னொருவர் கை வைப்பதில்லை. தவிடும் பிண்ணாக்கும் குளத்தில் தானாக விளையும் மிதவை உயிரிகளும் போதும், மீன்தூள் அவசியமில்லை. உலகில் வளர்க்கப்படும் துடுப்பு மீன்களில் பெரும்பங்கு இந்தக் கெண்டைக் கூட்டம்தான். செய்திகளில் மட்டும் எப்போதும் சால்மன்!

குளத்தில் மீன் விடியற்காலையில் செத்து மிதப்பது ஏன்? யாராவது விஷம் வைத்தார்களா?

முதலில் எல்லாருக்கும் அந்தச் சந்தேகம்தான் வரும். பெரும்பாலும் குற்றவாளி குளத்துக்குள்ளேயே இருக்கும்: அளவுக்கு மீறிய பாசி.

பகலில் பாசி வெயிலில் உணவு செய்து ஆக்சிஜனை விடுகிறது. பிற்பகல் மூன்று நாலு மணிக்கு அளந்தால் ஒரு லிட்டரில் 10 மில்லிகிராமுக்கு மேல்கூட இருக்கும். குளம் அருமையாக இருக்கிறது என்று தோன்றும். பொழுது இறங்கியதும் கணக்கு திரும்புகிறது. இரவு முழுக்கப் பாசியும் மூச்சு விடும், மீனும் விடும், தரைச் சேற்றில் அழுகும் மிச்சத் தீவனமும் ஆக்சிஜனைத் தின்னும். உள்ளே வருவது மட்டும் கிடையாது. குறைந்துகொண்டே போய், சூரியன் வருவதற்குச் சற்று முன்னால் அடிமட்டத்தைத் தொடுகிறது. 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மீன் நிம்மதியாக இருக்கும். 3-க்குக் கீழே போனால் தவிக்கும். அந்த நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்: நீர்மட்டத்தில் நூற்றுக்கணக்கான வாய்கள், 'ப்ளக் ப்ளக்' என்று திறந்து மூடிக்கொண்டு. பெரிய மீன்தான் முதலில் சாகும், அதற்குத்தான் தேவை அதிகம். காலையில் கரையோரம் ஒதுங்கிக் கிடப்பதில் பெரிதெல்லாம் செத்தும் சிறிதெல்லாம் உயிரோடும் இருந்தால் ஆக்சிஜன்மேல்தான் முதல் சந்தேகம் போக வேண்டும். விஷம் பெரிது சிறிது பார்க்காது.

இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மேகமூட்டம் இருந்தாலும், திடீர் மழையில் மேல்நீர் குளிர்ந்து கீழே இறங்கி அடித்தண்ணீர் மேலே புரண்டாலும், பச்சையாக இருந்த குளம் ஒரே நாளில் பழுப்பாகி பாசி மொத்தமாகச் செத்தாலும் ஆபத்து. நீர் சூடாக இருந்தால் இன்னும் மோசம். 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைத்துக்கொள்ளும், 30 டிகிரியில் ஏழரைதான்.

செய்ய வேண்டியது: நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை நள்ளிரவிலிருந்து விடிந்து வெயில் ஏறும்வரை ஓட்டுவது, நல்ல தண்ணீர் பாய்ச்சுவது, அன்றைக்குத் தீவனத்தை நிறுத்துவது. மீன் சோர்ந்திருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் தீனி போடுவார்கள் சிலர். அதைவிடக் கெடுதல் கிடையாது.

கடலிலும் இதே கதைதான் பெரிய அளவில் நடக்கிறது. வயல் உரமும் சாக்கடையும் ஆற்றோடு வந்து கடலில் பாசியைக் கொழுக்க வைக்க, அது செத்து அழுகும்போது அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மிசிசிப்பி ஆறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் விரிகிற உயிரற்ற வட்டாரம் இதற்குப் பேர்போன சாட்சி. 2008-ல் உலகெங்கும் இத்தகைய இடங்கள் 400-க்கு மேல் எண்ணப்பட்டிருந்தன.

தண்ணீரைச் சோதித்தால் அமோனியா இருக்கிறது என்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது?

தீவன மூட்டையிலிருந்து. 30 சதவீதம் புரதம் உள்ள தீவனம் 100 கிலோ போட்டால் அதில் நைட்ரஜன் 4.8 கிலோ. மீன் தன் உடம்பில் சேர்த்துக்கொள்வது அதில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரைதான். மிச்சம் மூன்று கிலோ போல, பெரும்பாலும் செவுள் வழியே அமோனியாவாக, தண்ணீருக்கே திரும்புகிறது.

அமோனியாவின் விஷத்தன்மை பி.எச். அளவைப் பொறுத்தது (நீரின் அமில-காரக் கணக்கு அது; எண் குறைந்தால் அமிலம் கூடுகிறது). 30 டிகிரியில், பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே விஷ வடிவில் இருக்கும், பி.எச். 9 ஆனால் 40 சதவீதத்தைத் தாண்டும். பாசி மிகுந்த குளத்தில் பிற்பகலில் பி.எச். ஏறும். விடியலில் ஆக்சிஜன், பிற்பகலில் அமோனியா என்று இரண்டு முனையிலும் அடி வாங்கும் குளங்கள் உண்டு. இரண்டுக்கும் ஒரே வேர், அதிகத் தீவனம்.

அறுவடை முடிந்து குளத்து நீரை வெளியே விடுவதில் என்ன தவறு?

விடுவதில் தவறில்லை, எப்படி விடுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. குளத்தை வடிக்கும்போது மேலே உள்ள பெரும்பகுதி நீர் ஓரளவு தெளிவாகவே போகும். கடைசியாக வடியும் பத்து இருபது சதவீதத்தில்தான் சேறும் கழிவும் மொத்தமாகக் கலந்து கிளம்பும். அந்தக் கடைசி நீரை மட்டுமாவது தனிக் குட்டையில் தேக்கி, படியவைத்து, பிறகு விட்டால் கெடுதலில் பெரும்பங்கு நின்றுவிடும். தேக்கும் குட்டையில் மட்டியோ பாசியோ வளர்த்தால் இன்னும் நல்லது.

இறால் பண்ணையால் அலையாத்திக் காடுகள் அழிந்தன என்பது மிகைப்படுத்தலா?

மிகை இல்லை. பிலிப்பைன்ஸில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் நாலரை லட்சம் ஹெக்டேர் இருந்த அலையாத்திக் காடு 1990களில் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே போனது. பால் மீன், இறால் குளங்களே முக்கியக் காரணம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த இடம் குளத்துக்கே லாயக்கில்லை. அலையாத்தி மண்ணில் பைரைட் என்ற இரும்புக் கந்தகச் சேர்மம் உண்டு. நீருக்கடியில் கிடக்கும்வரை சாது. வெட்டிக் கரை போட்டுக் காற்றுப் பட வைத்தால் கந்தக அமிலமாகிறது. மழை பெய்யும்போதெல்லாம் கரையிலிருந்து அமிலம் குளத்துக்குள் வடியும். மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கொட்டியும் அடங்காது. சில ஆண்டுகளில் குளத்தைக் கைவிட்டு அடுத்த காட்டை வெட்டப் போவார்கள். அதோடு, இறால் குஞ்சுக்கும் எத்தனையோ கடல் மீனின் குஞ்சுக்கும் தொட்டில் அந்தக் காடுதான். தொட்டிலை விறகாக்கிக் குழந்தைக்குப் பால் காய்ச்சிய கதை.

நோயும் இதில் சேர்ந்தது. 1988-ல் தைவானின் இறால் உற்பத்தி ஒரே ஆண்டில் பாதிக்கும் கீழே சரிந்தது. 1990களின் தொடக்கத்தில் வெண்புள்ளி நோய் ஆசியா முழுக்கப் பரவியது. நெருக்கமாக அடைத்து, ஒருவர் வெளியேற்றும் நீரையே அடுத்தவர் உள்ளே எடுத்தால் வைரஸுக்கு வேறு வாகனம் எதற்கு? இன்று நன்றாக நடக்கும் பண்ணைகள் அலையேற்றக் கோட்டுக்கு மேலே, காட்டைத் தொடாமல், நீரை வடிகட்டி எடுத்து, நோயில்லாத தாய் இறாலின் குஞ்சை மட்டுமே விடுகின்றன.

கடலில் கூண்டு போட்டு வளர்ப்பதில் என்ன சிக்கல்?

கூண்டுக்குச் சுவர் வலை மட்டும்தான். எச்சமும் மிச்சத் தீவனமும் நேரே கீழே விழும். ஆழமும் நீரோட்டமும் இருந்தால் கலைந்து போகும், ஒதுக்கமான குடாவில் கூண்டின் அடியில் கறுத்த சேறாகக் குவியும். அதனால் ஓர் அறுவடைக்குப் பிறகு இடத்தைச் சில மாதம் காலியாக விட வேண்டும். உழவர் நிலத்தைத் தரிசு போடுவது மாதிரி.

சால்மன் கூண்டுகளில் பெரிய தலைவலி கடல் பேன். நார்வேயில் ஒரு மீனுக்குச் சராசரியாக 0.5 வளர்ந்த பெண் பேனுக்கு மேல் போகக் கூடாது என்று விதியே உண்டு. காட்டுச் சால்மன் குஞ்சுகள் ஆற்றைவிட்டுக் கடலுக்கு இறங்கும் வசந்தத்தில் அதுவும் 0.2 ஆகிவிடும். பேனை ஒழிக்க மருந்து, வெந்நீர்க் குளியல், பேன் பொறுக்கித் தின்னும் சின்ன மீன்கள் என்று எல்லாம் செய்துபார்க்கிறார்கள். பொறுக்கவிட்ட மீன்களே கூண்டில் பெருமளவு சாகின்றன என்பது அதிகம் பேசப்படாத பக்கம்.

கூண்டிலிருந்து மீன் தப்பினால் நல்லதுதானே, கடலில் மீன் கூடுமே?

கூடாது, குழம்பும். 2017 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கூண்டுத் தொகுதி உடைந்து சுமார் இரண்டரை லட்சம் அட்லாண்டிக் சால்மன், தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத பசிபிக் கடலுக்குள் போய்விட்டன. வலையில் அப்பிய மட்டியையும் பாசியையும் சுத்தம் செய்யாமல் விட்டதில் பாரம் டன் கணக்கில் ஏறி, நீரோட்டம் இழுத்த இழுப்பில் கூண்டு முறிந்தது என்றது அரசு விசாரணை. மறு ஆண்டே அந்நிய இன மீன்களைக் கூண்டில் வளர்ப்பதை முடிவுக்குக் கொண்டுவர மாநிலம் சட்டம் போட்டது.

அதே இனம் தப்பினாலும் கேடுதான். வேகமாகக் கொழுக்கவென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த மீன், காட்டு மீனோடு கலந்தால் பிறக்கும் குஞ்சு ஆற்றில் பிழைக்கத் தெரியாததாக இருக்கும். திலாப்பியாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விட்ட நாடுகள் பலவற்றில் ஏரி குளங்களை அதுவே எடுத்துக்கொண்டது.

பண்ணை மீன் என்றால் ஆன்டிபயாடிக் மீன் என்கிறார்களே?

எல்லாப் பண்ணைக்கும் பொருந்தாது, பொருந்தும் பண்ணைகளும் உண்டு. நார்வே 1987-ல் சுமார் 50 ஆயிரம் டன் சால்மனுக்கு ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாடிக் கொட்டியது. பிறகு தடுப்பூசி வந்தது. ஒவ்வொரு குஞ்சுக்கும் வயிற்றில் ஊசி. இன்று உற்பத்தி 15 லட்சம் டன் அளவில், மருந்து ஒரு டன்னுக்கும் கீழே. அதே சால்மனை வளர்க்கும் சிலி நாட்டில் இன்றும் நூற்றுக்கணக்கான டன் போகிறது. அங்கே வாட்டும் பாக்டீரியாவுக்கு உருப்படியான தடுப்பூசி அமையவில்லை. ஆகவே நாட்டையும் பண்ணையையும் பார்க்காமல் பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

குஞ்சு எங்கிருந்து வருகிறது என்பது அவ்வளவு முக்கியமா?

ரொம்ப. விலாங்கு வளர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விலாங்குக் குஞ்சை வணிக அளவில் பொரிக்க இன்னும் முடியவில்லை. பண்ணையில் இருக்கும் ஒவ்வொரு விலாங்கும் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிவந்த கண்ணாடிக் குஞ்சைப் பிடித்துப் போட்டதுதான். ஐரோப்பிய விலாங்கோ அழிவின் விளிம்பில். அதைப் பண்ணை என்று சொல்வதைவிடக் கடலில் பிடித்ததைக் கொழுக்க வைக்கும் கொட்டில் என்றால் பொருந்தும்.

கெண்டைக்கும் ஒரு காலத்தில் அதே கதி. மழைக்காலத்து ஆற்றில் பல இனமும் கலந்த குஞ்சை அள்ளிவந்து விடுவார்கள். 1957-ல் ஒடிசாவில் மீன் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிப் பெருங்கெண்டைகளைக் குளத்து நீரிலேயே முட்டையிட வைத்த பிறகுதான் குஞ்சுக்கு ஆற்றை நம்பியிருந்த நிலை மாறியது.

நிலத்தில் தொட்டி கட்டி, நீரைச் சுழற்றி வளர்த்தால் கடலுக்குத் தொந்தரவே இல்லையே?

கடலுக்கு இல்லை, மின்சாரத்துக்கு உண்டு. நீரை இறைத்து, வடிகட்டி, அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களுக்குக் குடித்தனம் வைத்து, ஆக்சிஜன் ஏற்றி, இருபத்து நாலு மணி நேரமும் ஓட வேண்டும். நெருக்கமாக நிரப்பிய தொட்டியில் மின்சாரம் போய் ஜெனரேட்டரும் கிளம்பவில்லை என்றால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்த் திரளைத் தொட்டியிலேயே வளர்க்கும் பயோஃப்ளாக் முறைக்கும் அதேதான். தீவனக் கேள்வி தொட்டிக்கும் அப்படியே இருக்கிறது.

கடல் அமிலமாவதால் பண்ணைகளுக்கு என்ன வந்தது?

நாம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் கால் பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 ஆக இருந்த மேற்பரப்பு நீரின் பி.எச். இப்போது 8.1-க்கு வந்திருக்கிறது. சின்ன எண்ணாகத் தெரியும். அமிலத்தன்மையில் அது கால் பங்குக்கு மேல் உயர்வு.

2007-08-ல் அமெரிக்காவின் ஆரிகான் கரையில் ஓர் ஆளிக் குஞ்சு பொரிப்பகத்தில் கோடிக்கணக்கான குஞ்சுகள் செத்தன. நோய்க்கிருமி என்று தேடினார்கள். குற்றவாளி, ஆழத்திலிருந்து மேலே புரண்டு வந்த அமிலம் கூடிய கடல்நீர். ஆளிக் குஞ்சு பிறந்த முதல் இரண்டு நாளில், முட்டையில் இருந்த சேமிப்பை மட்டும் செலவழித்து ஓடு கட்டியாக வேண்டும். நீரில் அமிலம் கூடினால் அந்தச் சேமிப்பு போதாது. சலவைச் சோடாவைக் கலந்து நீரைச் சரிசெய்தார்கள். இன்னொன்றும் செய்தார்கள்: தொட்டிக்கு நீர் எடுக்கும் வேலையைப் பிற்பகலுக்கு மாற்றினார்கள். அந்த நேரத்தில் கடற்புல்லும் பாசியும் கரியமில வாயுவை இழுத்து முடித்திருக்கும். குளத்தில் பார்த்த அதே பகல்-இரவுக் கணக்குதான், ஒரு குடாவையே ஆட்டுகிறது. தொட்டிக்குச் சோடா போடலாம். கடலுக்குப் போட முடியாது.

சான்றிதழ் முத்திரை இருந்தால் நம்பி வாங்கலாமா?

ஒன்றுமில்லாததற்கு மேல். 1997-ல் தொடங்கிய எம்.எஸ்.சி. முத்திரை பிடித்த மீனுக்கு, 2010-ல் தொடங்கிய ஏ.எஸ்.சி. வளர்த்த மீனுக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. சோதனைக்கும் ஆவணத்துக்கும் ஆகும் செலவைச் சிறு பண்ணையாளரால் தாங்க முடியாது. எனவே முத்திரை இல்லாத மீனெல்லாம் கெட்டது என்று ஒதுக்கினால், தவிடு போட்டுக் கெண்டை வளர்க்கும் சின்ன ஆளைத்தான் முதலில் ஒதுக்குவோம்.

அப்படியானால் கடலில் பிடித்த மீனை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். நன்றாக நிர்வகிக்கப்படும் கடல் மீனுக்குத் தீவனமும் இல்லை, நிலமும் இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் காட் மீனை விஞ்ஞானிகளின் எச்சரிக்கையைத் தாண்டிப் பிடித்ததில், 1992-ல் மீன்பிடிப்பையே மூட வேண்டிவந்தது. சுமார் 30 ஆயிரம் பேருக்கு வேலை போனது. வடக்குக் காட் மீன்பிடிப்புக்கான தடை 2024-ல்தான் நீங்கியது, அதுவும் சிறிய அளவுக்கு. மறுபக்கம், அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரையின் பிடிப்பளவைக் கறாராகக் குறைத்துக் கண்காணித்ததும் அது மீண்டது. 2021-ல் அழியும் ஆபத்துப் பட்டியலின் கடுமையான படியிலிருந்து அதை இறக்கினார்கள். இரண்டு மீனுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம், சொன்ன அளவில் நிறுத்தினார்களா என்பதுதான்.

நான் குளம் வெட்டி மீன் வளர்க்க நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

மீனிலிருந்து வேண்டாம். தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். சதுப்பையோ அலையாத்தியையோ தொடாத இடம், வடிநீருக்கு ஒரு குட்டை, பதிவான பொரிப்பகத்துக் குஞ்சு. மிதவைக்கு வெறும் தெர்மோகோல் வேண்டாம். நாளடைவில் மணி மணியாக உதிர்ந்து நீரோடு போய்விடும்.

பிறகு, 20 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டத் தகடு வெட்டி, கால் கால் பாகமாகக் கறுப்பும் வெள்ளையும் அடித்து, அளவு குறித்த கயிற்றில் கட்டிக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில், வெயில் நன்றாக இருக்கும்போது, மெல்ல நீரில் இறக்குங்கள். 30-லிருந்து 40 சென்டிமீட்டரில் தகடு கண்ணுக்கு மறைந்தால் குளத்தில் பாசி அளவாக இருக்கிறது. 60 வரை தெரிந்தால் குளம் பட்டினி. 20-லேயே மறைந்தால், அது சேற்றுக் கலங்கல் இல்லை, பச்சைதான் என்று உறுதிசெய்துகொண்டு, அன்று மாலைத் தீவனத்தை மூட்டையிலேயே விட்டுவிடுங்கள். மறுநாள் சூரியன் வருவதற்கு முன் டார்ச்சோடு கரைக்குப் போய் நீர்மட்டத்தைப் பாருங்கள்.